ஜெட் படகின் எஞ்சினும் அதன் பராமரிப்பும்

இயந்திரத்தை வாங்குவதற்குப் பணம் போதும்; அதை வைத்துக் காப்பாற்றுவதற்கு ஒழுங்கு வேண்டும். இறவை எஞ்சின் வைத்திருக்கும் ஒவ்வொரு குடியானவரும் இதைத் தம் அனுபவத்தில் கண்டிருப்பார். சித்திரை மாதத்து வெயிலில் பயிர் வாடி நிற்கும்போது எஞ்சின் நின்றுவிடுமாயின், அதற்கான காரணம் பெரும்பாலும் அன்றைக்கு உண்டானதாக இராது. தை மாதத்திலேயே மாற்றியிருக்க வேண்டிய எண்ணெயும், அப்பொழுதே கழுவியிருக்க வேண்டிய சல்லடையுமே அன்று வந்து கணக்குக் கேட்கின்றன.

இறவை எஞ்சின் நின்றால் ஒரு நாள் பாய்ச்சல் தடைப்படும். பழுது பார்த்து மறுநாள் பாய்ச்சிக் கொள்ளலாம். ஆனால், எஞ்சின் நின்ற அக்கணத்திலேயே அதை நம்பி ஏறியவர்களின் உயிருக்கு அபாயம் நேரிடக்கூடிய இயந்திரம் ஒன்று உண்டு. அதுவே ஜெட் படகு. பொழுதுபோக்குக்காக ஆறுகளிலும் ஏரிகளிலும் ஓட்டப்படும் இப்படகு ஒரு குடியானவரால் உருப்பெற்றதாகும். இதன் உயிர்நிலையான உறுப்போ நமக்கெல்லாம் பழக்கமான பம்பு. ஆகவே இதன் எஞ்சினைப் பராமரிக்கும் முறை நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். விளங்கியபின் தம் கொட்டகையில் உள்ள எஞ்சினுக்கும் பயன்படும்.

படகு தோன்றிய வரலாறு

நியூஜிலாந்து தேசத்தின் தென் தீவில் மெக்கென்ஸி பிரதேசம் என்னும் உயர்ந்த புல்வெளி இருக்கிறது. 1899-ஆம் வருஷத்தில் பிறந்த வில்லியம் ஹாமில்டன் என்பவர் 1921-இல் அங்கே ஐரிஷ்மன் கிரீக் என்ற செம்மறியாட்டுப் பண்ணையை விலைக்கு வாங்கினார். அவர் இயந்திர வேலையில் மிகுந்த பற்றுள்ளவர். பண்ணைக்கு மின்சாரம் உண்டாக்க ஓர் அணை தேவையாயிருந்தது. அணைக்கு மண் வாரும் கருவியைத் தம் பட்டறையிலேயே செய்துகொண்டார். அப்பட்டறை நாளடைவில் பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது.

அத்தீவின் ராக்காயா, ராங்கிடாடா, வைடாக்கி போன்ற ஆறுகள் பனிமலைகளிலிருந்து இறங்குபவை. அவை அகன்ற கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் செல்லும். நீரின் வேகம் அதிகம், ஆழமோ குறைவு. அடியில் சுழல் விசிறி நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண மோட்டார் படகு அங்கே சிறிது தூரம் செல்வதற்குள் கல்லில் மோதி விசிறியை இழந்துவிடும். இதற்கு ஒரு வழி காண ஹாமில்டன் முயன்றார். நீரைப் பீச்சி அதன் உந்துதலால் படகைச் செலுத்தலாம் என்ற எண்ணம் அவருக்கு முன்பே பலருக்குத் தோன்றியதுதான்; ஆயினும் வேகமான ஆற்றை எதிர்த்துச் செல்லக்கூடியதாக அதைச் செய்து காட்டியவர் அவரே. 1954-இல் அவர் செய்த முதற் படகில் நீர் பீச்சும் வாய் படகின் அடியில் இருந்தது. அதனால் வேகம் போதவில்லை. பீச்சும் வாயை நீர்மட்டத்துக்கு மேலே, படகின் பின்சுவரில் அமைத்தபின் படகு நன்றாக ஓடலாயிற்று. அவருக்கு 1974-இல் ஸர் பட்டம் அளிக்கப்பட்டது. 1978-இல் அவர் காலமானார்.

1960-இல் ஹாமில்டன் படகுகள் அமெரிக்காவிலுள்ள கொலராடோ ஆற்றின் கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கை எதிர்நீரில் ஏறிக் கடந்தன. எவரெஸ்ட் சிகரம் ஏறிய ஸர் எட்மண்ட் ஹில்லரி, 1977-இல் வங்காள விரிகுடாவிலிருந்து புறப்பட்டு ஜெட் படகுகளில் நம் கங்கையை எதிர்த்துச் சென்றார். நந்தப்பிரயாகைக்கு அருகில் ஒரு நீர்வீழ்ச்சி வழியை மறிக்கும் வரையில் அவை சென்றன.

அமைப்பும் வேலை செய்யும் விதமும்

படகின் நடுவிலோ பின்பகுதியிலோ எஞ்சின் பொருத்தப்பட்டிருக்கும். நியூஜிலாந்தில் மோட்டார் காருக்காகச் செய்யப்பட்ட பெட்ரோல் எஞ்சினையே படகுக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்துக்கொள்வது வெகுவாக வழக்கத்தில் இருக்கிறது. எஞ்சினின் சுழல்தண்டு பின்னால் உள்ள ஜெட் யூனிட்டைச் சுழற்றும். ஜெட் யூனிட் என்பது ஒரு பம்பேயன்றி வேறன்று. படகின் அடித்தட்டில் உள்ள கிராதியின் வழியாக நீர் உள்ளே வருகிறது. இம்பெல்லர் எனப்படும் சுழல் விசிறி அந்நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அதன் பின்னுள்ள அசையாத தகடுகள் சுழன்று வரும் நீரை நேராக்குகின்றன. பின்னர் நீர் குறுகலான பீச்சுவாயின் வழியாக மிகுந்த வேகத்துடன் வெளியேற, அவ்வுந்துதலால் படகு முன்னே செல்கிறது.

இப்படகுக்குச் சுக்கான் பலகை கிடையாது என்பதை வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பீச்சப்படும் நீரை இடப்புறமும் வலப்புறமும் திருப்புவதாலேயே படகு திரும்புகிறது. பின்னால் ஒரு மூடியை இறக்கி, நீரை முன்னோக்கித் திருப்பினால் படகு வேகம் தணிந்து பின்வாங்கும். ஆகவே செல்லுதல், திரும்புதல், நிற்றல் ஆகிய மூன்றும் பீச்சப்படும் நீரின் செயல்கள். நீர் பீச்சுவது நின்றால் மூன்றும் ஒருங்கே நின்றுவிடும்.

ஆற்றின் வளைவு ஒன்றில் படகு வேகமாக வருவதாகவும், எதிரே பாறை இருப்பதாகவும் கொள்வோம். அந்நேரத்தில் எஞ்சின் இரண்டொரு முறை இருமி நின்றுவிடுமாயின், ஓட்டுபவர் சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. படகு முன் கொண்ட வேகத்துடன் நேரே சென்று பாறையில் மோதும். புதிதாக ஓட்டப் பழகுபவர் பயத்தினால் திராட்டிலை விட்டுவிடும்போதும் இதுவே நேரிடுகிறது. அவருக்குக் கற்பிக்கப்படும் முதற் பாடம், திரும்பும்போது விசையைக் குறைத்துவிடலாகாது என்பதே. ஓட்டுபவர் விசையை விடாமல் பிடித்திருந்தும் எஞ்சின் தானே விட்டுவிடுமாயின் அவர் கற்ற பாடத்தால் பயன் என்ன? ஜெட் படகில் எஞ்சினைப் பராமரிப்பது சுக்கானைப் பராமரிப்பதேயாகும். இக்கட்டுரை முழுவதற்கும் இதுவே அடிப்படை.

எஞ்சின் சுமக்கும் பாரம்

சமதரைச் சாலையில் ஒரே வேகத்தில் செல்லும் மோட்டார் கார் தன் எஞ்சினின் சக்தியில் ஒரு சிறு பங்கையே செலவிடுகிறது. இறக்கத்தில் அதற்கு ஓய்வும் கிடைக்கிறது. ஜெட் படகுக்கு இறக்கம் என்பதில்லை. பம்பு ஓயாமல் நீரைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், எஞ்சின் நாள் முழுவதும் மலை ஏறும் காரைப் போன்ற நிலையில் இருக்கிறது. அதனால் எண்ணெய் விரைவில் கெடும், சூடு மிகும், சிறு குறைகள் பெரியவையாகும். கார் ஓடிய தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுகிறோம். படகு எஞ்சினுக்கு ஓடிய மணிகளே கணக்கு. மணிகளைக் காட்டும் மானி இல்லாத படகில் அதைப் பொருத்துவது முதல் வேலை.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. எஞ்சின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்த ஆவி வெளியே போகாமல் படகின் அடிப்பகுதியில் தங்கும். ஒரு சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். ஆவியை வெளியேற்றும் காற்றூதியை எஞ்சினைக் கிளப்புமுன் 4 நிமிஷங்களுக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். வாசனை தெரியுமாயின் கசிவைக் கண்டு நீக்கும் வரையில் சாவியைத் தொடலாகாது.

2. எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்தல். அளவை மட்டும் பார்த்தல் போதாது. நிறத்தையும் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்பது திண்ணம். அந்நிலையில் எஞ்சினை ஓட்டினால் தாங்கிகள் வெகு சீக்கிரம் அழியும்.

3. குளிர்விக்கும் நீரின் அளவு, பெல்டின் இறுக்கம், ரப்பர் குழாய்களின் நிலை ஆகியவற்றைக் கவனித்தல். குழாயை விரலால் அழுத்தினால் மிருதுவாகவோ வெடித்தாற்போலவோ தோன்றுமாயின் உடனே மாற்றிவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது குளிர்நீர்க் கலத்தின் மூடியைத் திறக்கலாகாது.

4. பாட்டரியின் முனைகள் இறுக்கமாகவும் பூசணம் பிடிக்காமலும் இருக்கின்றனவா என்று பார்த்தல். ஆற்றின் குலுக்கலில் தளர்ந்த ஒரு முனையே எஞ்சினை நிறுத்தப் போதுமானது.

5. திருப்பும் சக்கரத்தை இருபுறமும் முழுவதும் சுற்றியும், பின்மூடியை ஏற்றி இறக்கியும் பார்த்தல்.

6. கிராதியில் கல்லோ புல்லோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்தல். படகின் வடிகால் துளையை அடைத்தல். இவ்விரண்டையும் கரையிலேயே செய்ய வேண்டும்.

இவ்வேலைகளுக்குக் கால் மணி நேரம் போதுமானது.

குளிர்நீரும் மணலும்

எஞ்சினைக் குளிர்விக்கும் ஆற்று நீர் பெரும்பாலும் ஜெட் பம்பிலிருந்தே பிரித்து எடுக்கப்படுகிறது. சில படகுகளில் அது நேராக எஞ்சினுக்குள் செல்லும். வேறு சிலவற்றில் எஞ்சினுக்குள் சுழலும் நீர் தனியாக இருக்க, ஆற்று நீர் ஒரு கலத்தில் அதன் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, புகைபோக்கியின் உறை வழியாக வெளியேறும். எம்முறையாயினும், கிராதியில் ஒரு கட்டுப் புல் அடைத்துக்கொண்டால் உந்துதலும் திருப்பமும் குறைவதோடு எஞ்சினின் குளிர்ச்சியும் குறையும்.

பனிமலை ஆறுகளில் மாவு போன்ற நுண்ணிய வண்டலும், கரையோரங்களில் பருமணலும் நீருடன் கலந்து வரும். இவை எஞ்சினுக்குள் செல்லாதபடி மணல் பிடிக்கும் கலமும் சல்லடையும் வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றை ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பின்பும் திறந்து கழுவுவது நல்லது. கலங்கிய நீரில் ஓட்டினால் இடையிலும் கழுவ வேண்டும். மேட்டில் தட்டி நின்ற படகை எஞ்சின் விசையாலேயே கிளப்ப முயல்வது பெருந்தவறு. அப்பொழுது பம்பு நீரைவிட மணலையே மிகுதியாக இழுக்கும். எஞ்சினை நிறுத்தி, படகைக் கையால் தள்ளி, போதிய ஆழத்துக்குக் கொண்டுவந்த பின்னரே கிளப்ப வேண்டும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் புகைபோக்கி வழியாக நீர் வருகிறதா என்று பார்த்தல் வேண்டும். நீர் வாராவிடில் உடனே நிறுத்திவிட வேண்டும். புகைக் குழாயின் ரப்பர் பகுதிகள் நீரால் குளிர்விக்கப்படுபவை. நீரின்றிச் சிறிது நேரம் ஓடினாலும் கருகிவிடும். நீருக்குள் இறக்காத படகை வெறுமனே ஓட்டிப் பார்ப்பதும் இதே காரணத்தால் கூடாது. ஜெட்டின் தாங்கி நீரால் மசகிடப்படும் வகையாயின் அதுவும் தேய்ந்துபோகும்.

கரையில் குழாய் நீர் கொண்டு உட்பகுதியைக் கழுவும்போது, எஞ்சின் நிற்கையில் நீரை அழுத்தத்துடன் விடலாகாது. வெளியேற வழியின்றி நிற்கும் நீர், புகைவழியாக எஞ்சினின் ஸிலிண்டர்களுக்குள் திரும்பக்கூடும். எதை முதலில் திறப்பது, எதை முதலில் நிறுத்துவது என்பதைச் செய்தவர்களின் கைநூலில் பார்த்து அவ்வாறே நடக்க வேண்டும்.

எண்ணெய் மாற்றுதல்

புது எஞ்சினில் உராய்ந்து விழும் உலோகத் துகள்கள் முதற் சில மணிகளிலேயே அதிகம். ஆதலின் முதல் எண்ணெயை 10 முதல் 20 மணிகளுக்குள் மாற்றிவிடுவது வழக்கம். அதன்பின் 50 மணிக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல பழக்கம். சில எஞ்சின்களின் கைநூல்கள் 100 மணி வரையில் இடங்கொடுக்கின்றன. எவ்வளவு குறைவாக ஓட்டியிருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். எண்ணெயோடு வடிகட்டியையும் மாற்ற வேண்டும். பழைய வடிகட்டியில் புது எண்ணெய் விடுவது அழுக்குக் குடத்தில் புது நெய் வார்ப்பது போலாகும்.

எண்ணெயை எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகி, தன்னோடு அழுக்கையும் கொண்டு வெளியேறும். வடித்த எண்ணெயை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் அது சொல்லும் செய்திகள் பல. மினுமினுப்பான துகள் தென்பட்டால் தாங்கி தேய்கிறது. பெட்ரோல் நாற்றம் வீசினால் எரிபொருள் உள்ளே இறங்குகிறது. வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. வடித்த எண்ணெயை ஆற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றுவது குற்றம். தனிக் கலத்தில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

எரிபொருளும் மின்பொறியும்

ஆண்டில் சில நாட்களே ஓடும் படகின் தொட்டியில் பெட்ரோல் பல மாதங்கள் தங்கி, தன் குணத்தை இழந்து, பிசின் போன்ற கசடாகும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே நீரைப் பிரிக்கும் வடிகட்டியை அவ்வப்போது வடித்துப் பார்த்து, கைநூல் கூறும் காலத்தில் மாற்ற வேண்டும். நெடுநாள் நிறுத்தும்போது பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்தைக் கலந்து, அது குழாய்கள் முழுவதும் பரவும்படி எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி வைப்பது நல்லது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஸிலிண்டரின் உட்புற நிலை தெரியும். முனை இளம் பழுப்பு நிறமாயிருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெண்மையாகச் சுட்டாற்போல் இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு மிகுதி. இம்மூன்றாம் நிலையை அலட்சியம் செய்தால் பிஸ்டன் உருகிப்போகும்.

ஸ்டார்ட்டர், டைனமோ முதலிய மின் கருவிகள் பழுதானால், அதே அளவுள்ள மோட்டார் கார்க் கருவியை மலிவாக வாங்கிப் பொருத்தும் வழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. இது மிகவும் அபாயகரமானது. படகுக்கென்று செய்யப்பட்ட கருவிகள், உள்ளே உண்டாகும் பொறி வெளியிலுள்ள பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்காதபடி மூடப்பட்டவை; கார்க் கருவிகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை.

ஜெட் யூனிட்டின் பராமரிப்பு

நம் இறவைப் பம்பில் இம்பெல்லர் தேய்ந்தால் எஞ்சின் வழக்கம்போல் ஓடியும் தொட்டியில் விழும் நீர் குறைவதைக் காண்கிறோம். ஜெட் யூனிட்டிலும் அப்படியே. இம்பெல்லரின் ஓரத்துக்கும் அதைச் சூழ்ந்த வளையத்துக்கும் இடையேயுள்ள இடைவெளி மிகச் சிறியது. மணலும் கல்லும் அரைபட்டு இவ்விடைவெளி அகன்றால், தள்ளப்பட்ட நீர் முன்னுக்கே திரும்பிக் கசிந்து உந்துதல் குறையும். இடைவெளியை இடைமானித் தகடு கொண்டு அளந்து, கைநூல் கூறும் எல்லையைக் கடந்திருந்தால் வளையத்தை மாற்ற வேண்டும். மடங்கிய அல்லது பல்போன இம்பெல்லர் தகடுகளைச் சீர் செய்ய வேண்டும். தாங்கிகளுக்கும் சுழல்தண்டின் இணைப்புகளுக்கும் குறித்த மணிக்கணக்குப்படி கிரீஸ் இட வேண்டும்.

கிராதியில் சிக்கியதை எடுக்கும்போது எஞ்சினை நிறுத்திச் சாவியையும் எடுத்துவிட வேண்டும். ஓடும் ஜெட்டின் வாயருகே கையையோ, தலைமயிரையோ, கயிற்றையோ கொண்டுசெல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

கடல்நீரிலோ உப்பங்கழியிலோ ஓட்டிய படகை அன்றே நன்னீரால் உள்ளும் புறமும் கழுவிவிட வேண்டும். ஜெட் யூனிட்டின் அலுமினியத்தை உப்பு அரிக்காதபடி, தான் கரைந்து அதைக் காக்கும் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை பாதி கரைந்தவுடன் புதியவற்றை வைத்தல் வேண்டும். அவற்றின்மேல் வர்ணம் பூசிவிட்டால் பயன்படா.

சுற்றுமானியால் நோய் அறிதல்

ஜெட் படகுக்கே உரிய வசதி ஒன்று உண்டு. பம்பு நன்னிலையில் இருந்து, கிராதியும் அடைபடாமல் இருக்கும்போது, குறித்த சுற்று வேகத்தில் அது ஏற்கும் சக்தி பெரும்பாலும் மாறாது. படகு மெதுவாகச் சென்றாலும் விரைவாகச் சென்றாலும் அப்படியே. ஆகவே அப்பம்பு எஞ்சினின் சக்தியை நிறுத்துக் காட்டும் தராசாகிறது. திராட்டிலை முழுவதும் திறந்தபோது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது, படகின் வேகம் என்ன என்ற இரண்டையும் எல்லாம் புதிதாக இருக்கும்போதே குறித்து வைக்க வேண்டும். பின்னர் மாதந்தோறும் அதே இடத்தில், அதே பாரத்துடன் சோதித்துப் பார்த்தால் பின்வருவன புலப்படும்.

சுற்றும் குறைந்து, வேகமும் குறைந்தால் நோய் எஞ்சினில் இருக்கிறது: பிளக், எரிபொருள், காற்று வடிகட்டி, அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பம்பு ஏற்கும் சக்தி சுற்றின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், சுற்றில் சிறு குறைவும் சக்தியில் பெருங்குறைவைக் காட்டும். உதாரணமாக, 4000 சுற்று ஓடிய எஞ்சின் 3600 சுற்றுக்கு மேல் ஏறாமல் நிற்குமாயின், நூற்றுக்கு 27 பங்கு சக்தி போய்விட்டது என்று அறியலாம்.

சுற்று அதிகரித்து, வேகம் குறைந்தால் நோய் ஜெட்டில் இருக்கிறது. கிராதி அடைபட்டிருக்கலாம், உள்ளே காற்றுப் புகலாம், இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். இந்நோய் திடீரென்று தோன்றினால் அடைப்பு. மெள்ள மெள்ளத் தோன்றினால் தேய்வு.

சுற்று மாறாமல் வேகம் மட்டும் குறைந்தால், பாரம் மிகுந்திருக்கிறதா, படகின் அடியில் நீர் தேங்கியிருக்கிறதா, அடித்தட்டு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தல் தகும்.

ஓடும்போது எண்ணெய் அழுத்தமானியையும் உஷ்ணமானியையும் அடிக்கடி நோக்க வேண்டும். அழுத்தம் திடீரென்று இறங்கினாலோ, உஷ்ணம் வழக்கத்துக்கு மேல் ஏறினாலோ, "இன்னும் சிறிது தூரந்தானே" என்று எண்ணலாகாது. எஞ்சினுக்கு உயிர் இருக்கும்போதே படகை ஓட்டமில்லாத நீருக்குத் திருப்பிக் கரை சேர்த்துவிட வேண்டும். எஞ்சின் தானே நின்றபின் அவ்வாறு திருப்ப இயலாது. இதற்காகவே துடுப்பும், நங்கூரமும், கயிறும் எப்பொழுதும் படகில் இருக்க வேண்டும். ஏறியவர்கள் யாவரும் மிதக்கும் சட்டை அணிந்திருத்தல் வேண்டும்.

ஓய்வுக் காலம்

தென் தீவில் குளிர்காலம் கடுமையானது. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு 9 பங்கு பருக்கிறது. எஞ்சினுக்குள் தங்கிய சிறிதளவு நீரும் வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். ஆகவே குளிர்காலம் தொடங்குமுன், ஆற்று நீர் செல்லும் எல்லா வழிகளிலும் உள்ள வடிகால்களைத் திறந்து முழுவதும் வடித்துவிடுகிறார்கள். தனியாகச் சுழலும் நீரில் உறையாமல் காக்கும் திரவம் கலந்திருத்தல் அவசியம்.

நம் பக்கத்துச் சமவெளியில் உறைபனிக்கு இடமில்லை. எனினும், ஓய்வுக்கு முன்பே எண்ணெயை மாற்றிவிட வேண்டும் என்ற விதி எங்கும் பொருந்தும். பழைய எண்ணெயில் சேர்ந்துள்ள அமிலமும் ஈரமும் எஞ்சின் ஓடாத மாதங்களில் தாங்கிகளை அரிக்கும். பருவம் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விடுபவர், விஷத்தை உள்ளே வைத்துப் பூட்டியவராவார்.

எஞ்சினின் அடங்கல்

எந்தப் புலத்தில் எந்தப் பருவத்தில் என்ன பயிர் என்பதைக் கிராமத்து அடங்கல் காட்டுகிறது. அதைப் போல ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருத்தல் வேண்டும். தேதி, ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், மாற்றிய உறுப்பு, முழுத் திராட்டிலில் கண்ட சுற்று, வேகம் ஆகிய இவற்றை அன்றன்றே எழுத வேண்டும். எழுதாத கணக்கு நினைவில் நிற்பதில்லை. "சென்ற மாதந்தான் மாற்றினேன்" என்று சொல்லப்படும் எண்ணெய், புத்தகத்தைப் பார்த்தால் சென்ற வருஷத்து எண்ணெயாக இருக்கும். எஞ்சின் கெடுவதற்கு நெடுநாள் முன்பே அது தன் குறையைச் சிறுகச் சிறுகத் தெரிவிக்கிறது. அத்தெரிவிப்பைச் சேர்த்து வாசிக்க வேறு வழியில்லை.

நினைவில் வைக்க வேண்டியவை

1. ஜெட் படகில் எஞ்சின் நின்றால் திருப்பும் சக்தியும் நிற்கும்.
2. எஞ்சினைக் கிளப்புமுன் முகர்ந்து பார். 4 நிமிஷம் காற்றூதியை ஓட்டு.
3. 50 மணிக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்பொழுது எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்று.
4. மணல் பிடிக்கும் கலத்தை ஓட்டம் முடிந்தவுடன் கழுவு.
5. சுற்றையும் வேகத்தையும் சேர்த்து நோக்கு. நோய் எஞ்சினிலா ஜெட்டிலா என்பது தெரியும்.
6. அன்றன்றைய கணக்கை அன்றன்றே எழுது.

ஐரிஷ்மன் கிரீக் பண்ணையில் ஒரு குடியானவர் தம் ஆற்றுக்கு ஏற்ற படகைத் தம் பட்டறையிலேயே செய்துகொண்டார். அத்தகைய புத்தி எல்லோருக்கும் வாய்ப்பதன்று. ஆனால் வாங்கிய இயந்திரத்தைக் கிரமமாகக் கவனிக்கும் பழக்கம் எல்லோருக்கும் கைகூடுவதே. நம் வாசகர்களில் ஜெட் படகு ஓட்டுபவர் சிலராகவே இருப்பர். எஞ்சினும் பம்பும் வைத்திருப்பவர் பலர். மேற்கூறியவற்றுள் எண்ணெய், சல்லடை, இம்பெல்லர், கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பற்றியவை அவர்களுக்கும் பொருந்தும். வரும் கோடைக்கு முன்பாக ஒரு நாள் கொட்டகைக்குச் சென்று, எண்ணெய் அளவுகோலை இழுத்து வெளிச்சத்தில் பார்ப்பார்களாக.